சம்மதப் படிவம்

இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது
டிபன் டப்பாவின் அடியில் ஒரு தாள்,
ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க.
'என் மகன் / மகள்' என்று தொடங்கி ஒரு கோடு.
அதன்மேல் இந்துஜா
தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள்.

புதன்கிழமை. ஐந்தாம் வகுப்பு.
ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்
சேர்த்து ஓர் ஊசி.
பெற்றோர் கையொப்பம்.

எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ,
நேற்றே கேன்டீனில் தேவநாதன்
போனை நீட்டினான்.
எங்கோ ஒரு பள்ளியின் பெஞ்சில்
மயங்கிச் சரியும் பிள்ளைகள்.
எந்த ஊர் என்றேன்.
"ஊரெல்லாம் தெரியாது. நீ யோசி."
யோசித்தேன்.
மூன்றாம் பிளாக்கில் வால்வைத் திருகும்போதும்
அதையேதான்.

குடிகாட்டில் காற்று
சில நாள் நெயில் பாலிஷ்.
சில நாள் பிளந்து போட்டு மறந்த பண்ருட்டிப் பலா.
சில நாள் நாக்கில் வைத்த ஒரு ரூபாய்.
இவள் தொட்டிலில் கிடந்த மாதமே
ஜன்னல் வழியாக வந்து
மோந்து பார்த்துவிட்டுப் போனது.
தாள் எதுவும் முன்னால் வரவில்லை.
மகனா மகளா என்று கேட்கவில்லை.
என்ன கிழமை என்றும் சொல்லவில்லை.

இங்கே ஒருத்தி
ஸ்கூட்டியின் முன்னால் நீலப் பெட்டியை இடுக்கிக்கொண்டு
கேப்பர் மலை இறங்கி வருகிறாள்.
பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் குப்பி.
குப்பி லேபிளில் கடுகளவு சதுரம்.
சூடு பட்டால் கறுத்துவிடும், கறுத்தால்
தூக்கிப் போட்டுவிடுவோம் என்று
பெரியநாயகி சிஸ்டர் ஒருமுறை
என் மூக்கருகே பிடித்துக் காட்டினாள்.
அன்று அண்ணாந்து பார்த்தேன்,
புகைபோக்கியில் எங்கேயாவது
ஒரு சதுரம் ஒட்டியிருக்கிறதா என்று.

சட்டையைக் கழற்றும்போது
என் இடது தோளில் பொத்தான் அளவு தழும்பு.
இதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?
கைநாட்டாகத்தான் இருந்திருக்கும்.

"போடப் போறியா, பேனாவோடவே தூங்கப் போறியா?"
அடுப்படியிலிருந்து மணிமொழி.

போட்டேன்.
தூக்கக் கலக்கத்தில்
கோடிழுத்து அடித்தது தப்பானதை.
"அப்பா, என்னை அடிச்சிட்ட!"
என்று சிரித்தாள் இந்துஜா.
ரப்பருக்குப் பேனா மசி அசையவில்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டு
அடித்த இடத்துக்கு மேலே பென்சிலால்
'மகள்' என்று பொடியாக எழுதிக்கொண்டாள்.

புதன் சாயங்காலம் எழுப்பிக் காட்டினாள்.
எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளி.
அழுதியா என்றேன்.
"கோகிலவாணிதான் அழுதா. நான் பாத்துட்டிருந்தேன்."
அப்புறம்?
"அப்புறம் அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க.
சிஸ்டர் எங்களையே பாத்துட்டு இருந்தாங்க,
எதாவது பண்ணுதான்னு."

அரை மணி நேரமா?
"ஆமா. கடிகாரத்தைப் பாத்துப் பாத்து."

அவள் விளையாடப் போனதும்
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
இன்றைக்குப் பலா.