ஒற்றை நாள், இரட்டை நாள்

முப்பத்தெட்டாம் அளவு. சாம்பல் நிறம்.
மத்திய வீதிக் கடையில் விலையைக் கேட்டதும்
நானும் சிஹானாவும் ஒரே நேரத்தில்
கீழே வைத்தோம்.
நான் இடதை, அவள் வலதை.
அதுவரை முகப்பழக்கமும் இல்லை.
அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம்,
நான் நீர்ச்சபையில் பில் பகுதி.
ஒரே அளவுப் பாதம் என்பதும்
கிட்டத்தட்ட ஒரே அளவுச் சம்பளம் என்பதும்
அந்த வாங்கில் இருந்தபடிதான் தெரியவந்தது.

ஆளுக்கு அரைவாசி போட்டோம்.
ஒற்றை நாள் எனக்கு, இரட்டை நாள் அவளுக்கு.
ஓடி முடித்தவள்
மற்றவளின் கேற்றில் கொழுவிவிட்டுப் போகவேண்டும்.
காலுறை அவரவர் சொந்தம்.

"எல்லாத்துக்கும் பாவிக்கலாம் அக்கா" என்றான்
கடைப் பொடியன்.
அந்த 'எல்லாம்' எதுவென்று
நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உட்துறைமுக வீதித் தாரில், நல்லம்.
மதிலிலிருந்து பூனை குதித்த அளவுதான் சத்தம்.
உவர்மலை ஏற்றத்தில் பாரம் தெரியாது.
மூச்சுத்தான் தெரியும்,
அது சப்பாத்தின் பிழையில்லை.
கோட்டைக்குள், கோயிலுக்கு ஏறும் வளைவில்,
மான் புழுக்கையில் தூறல் விழுந்த காலை
ஒருக்கால் வழுக்கி முழங்கால் உரஞ்சிற்று.
கலையொன்று மென்றபடி நின்று பார்த்தது.
அதன் நாலு குளம்பும்
நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன.

வியாழன் ஒற்றையில் விழுந்தால் வேகமாக ஓடுவேன்.
அதற்குச் சுமார்.
மெத்தென்று வாங்கிக்கொள்ளும், தள்ளிவிடாது.
எங்கள் கந்தோரில் ஒருவர் இருக்கிறார்,
முறைப்பாட்டை முழுக்கக் கேட்பார்,
கையெழுத்து மட்டும் வைக்கமாட்டார்.

உப்புவெளி மணலில், வேண்டாம்.
வலைத்துணி வழியே கடற்கரையே உள்ளே வரும்.

இதெல்லாம் நாங்கள் நேரில் கதைத்ததில்லை.
சப்பாத்துக்குள் துண்டுக் கடதாசி வரும்.
"கடைசித் துளையில் லேஸ் போடாதே, எனக்கு நுள்ளுது."
"நாக்கு இடப்பக்கம் சரியுது, உனக்குமா?"
"மணலுக்குப் போனாயா? பொய் சொல்லாதே."

கவிழ்த்துப் பார்த்தால்
இடது குதியின் வெளிவிளிம்பைத் தின்றவள் நான்.
வலது பெருவிரலடியை மழித்தவள் அவள்.
இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்
நொண்டி நொண்டி எங்கேயோ போகும்
மூன்றாவது ஒருத்தி.

அடியிலுள்ள நுரைக்கு
ஓடியபின் ஒருநாள் ஓய்வு வேண்டுமாம்,
பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருக்கிறது.
எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு.
அதுக்கு யார் கொடுத்தது?

மே முடிவில் கணக்கு இடறியது.
முப்பத்தொன்று ஒற்றை. ஒன்றும் ஒற்றை.
நான் பேசாமல் இரண்டு நாளும் ஓடினேன்.
அவள் கேட்கவில்லை.
கேட்காததுதான் உள்ளே போன சிப்பித் துண்டு மாதிரி
ஜூலை முழுக்க உறுத்தியது.

ஜூலை முப்பத்தொன்று, விடிய ஐந்தரை.
அவள் கேற்றில் போய் நின்றேன்.
"உன்ர நாள்தானே" என்றாள்.
"ஓம்" என்றேன்.
வேறொன்றும் சொல்ல வரவில்லை.
சப்பாத்தைக் கொழுவினேன்.
அவள் என் காலைப் பார்த்தாள்,
பிறகு தன் செருப்பைக் கழற்றினாள்.

உப்புவெளிக் கரையில் ஈர மணல் வழியே ஓடினோம்.
கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை.
கரைவலைக் கயிறு குறுக்கே கிடந்தது.
அவள் தாண்டினாள்,
நான் நின்று, பார்த்து, தாண்டினேன்.
என்னைவிட வேகக்காரி.
அதுவரை அவளுடைய ஓட்டத்தை
நான் தேய்ந்த ரப்பரில்தான் பார்த்திருந்தேன்.
வலது காலை அவள் உள்பக்கம் வீசும்போது
ஓ, இதுவா அது என்றிருந்தது.

அடுத்தநாள், ஒன்றாந் தேதி, என் முறை.
போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நாலு அடி வைத்தேன்.
நுரை கொஞ்சம் எழும்பியிருந்தது போல.
இல்லை, என்ர நினைப்பாகவும் இருக்கலாம்.
உள்ளே ஒரு துண்டுக் கடதாசி குறுகுறுத்தது.
உவர்மலை ஏறி முடியுமட்டும்
எடுத்துப் பார்க்கவில்லை.