ஐம்பது காசு

சுங்கை ரோடு சந்தையில்
ஓடாத கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே
கிடந்தது படம்.
பின்னால் பென்சிலில்: ஃபேரர் பார்க் திடல், 1951.

பதினொரு பேர்.
மழை விட்ட சேற்றில்
சைக்கிள் பெண்கள் வெறுங்காலோடு.
கூண்டு இருக்கிறது, புலியைக் காணோம்.
கோமாளி முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறான்,
காதோரம் வெள்ளை மிச்சம்.

ஓரத்தில் நிற்கும் கம்பிக்காரி தோளில்
ஒரு கை.
கைக்கு ஆள் இல்லை.
மணிக்கட்டோடு இறங்கியிருக்கிறது கத்தரிக்கோல்,
நடுங்காமல்.

படத்தில் சிரிப்பவள்
அவள் ஒருத்திதான்.

"அஞ்சு வெள்ளி" என்றார் நைனா முகம்மது.

"ஓராள் குறையுதே, பாய்?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.

"ஆள் இல்லாட்டி என்ன,
கை இருக்குல்ல."

பிறகு
ஐம்பது காசு குறைத்தார்.