அழுத்தினால் அடங்காதது

மூன்றாவது ஊசிக்கும் ரத்தம் வரவில்லை.
இடது மணிக்கட்டில் நாவல்பழ அளவுக்கு ஒரு வீக்கம்,
அது என் கைவேலை.
மேற்கையில் கட்டிய பட்டை
காற்றை ஏற்றி, இறக்கி, யோசித்து,
எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு காட்டுகிறது.
ஆசாரிப்பள்ளத்தில் மணி இரண்டே முக்கால்.

றசலையன், ஐம்பத்திரண்டு.
சிற்றாற்றுக்கு மேலே பால்வெட்டு.
எலிக்காய்ச்சல்.
கண்ணின் வெள்ளையில் மஞ்சளும் சிவப்பும் கலங்கிக் கிடக்கின்றன.
விரல் வைக்கிறேன். துடிக்கிறது.
துடிப்பது அவரா,
பதறிப்போன என் விரல்நுனியா?
நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கையெழுத்து வாங்கப் போனபோது
வராந்தாவில் தங்கபாய் கேட்டாள்:
“எவ்வளவு ஆழம் குத்துவிய?”
மூன்று மில்லிமீட்டர் இருக்கும் என்றேன்.
“அவரு பட்டையில ஒரு நூல் கனம் விட்டுத்தான் வெட்டுவாரு.
தடியில கத்தி பட்டா மரம் முண்டு வைக்கும்.
நானூறு மரம், டாக்டரே, விடியதுக்கு முன்ன.
நெத்தியில ஒரு லைட்டு, அவ்வளவுதான்.”
குத்திக்காட்டினாளா, பெருமைப்பட்டாளா,
கேட்க நேரமில்லை.

பிரசவ வார்டிலிருந்து ஸ்கேன் மெஷினைத்
தள்ளிக்கொண்டு வருகிறார் பிரிஸ்கில்லா சிஸ்டர்.
ஒரு சக்கரம் வழி முழுக்க அழுகிறது.
திரையின் மேல் மூலையில் இன்னும் பழைய பெயர்:
அஜிதா, முப்பத்திரண்டு வாரம்.
அழித்து எழுத ஒரு நிமிடம் ஆகும்.
அந்த நிமிடம் எங்களிடம் இல்லை.
குழந்தை பார்க்கும் வளைந்த தலை வேண்டாம்,
அடி டிராயரில் நேரான ஒன்று உண்டு,
உறைகூடக் கசங்காமல்.

வலது கை.
கத்திப்பிடி காய்த்த பெருவிரலை
ஒதுக்கி வைத்து, ஜெல் பிதுக்குகிறேன்.
அஜிதாவின் பெயருக்குக் கீழே
சாம்பல் தூறல்.
தூறலுக்குள் கறுப்பாய் மூன்று வட்டங்கள்.
மெல்ல அழுத்துகிறேன்.
இரண்டு உடனே கண்மூடிக்கொள்கின்றன. சிரைகள்.
ஒன்று மூடவில்லை.
நெளிந்து, சப்பி,
திரும்பவும் திறக்கிறது,
திரும்பவும்.
இரண்டு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை.
இன்னும் கொஞ்சம் கூட்டி அழுத்தினால் இதுவும் மூடும்.
அந்தச் சோதனை வேண்டாம்.

இனி கண் திரையில், கை தோலில்.
ஊசி ஒரு வெள்ளைப் புள்ளி.
முனையும் புள்ளிதான், தண்டும் புள்ளிதான்,
ஏமாந்தால் இன்னொரு நாவல்பழம்.
அதனால் புரோபை ஒரு மயிரிழை முன்னே சாய்க்கிறேன்,
புள்ளி தொலைகிறது.
ஊசியைத் தள்ளுகிறேன்,
புள்ளி வருகிறது.
தொலைத்து, வரவழைத்து,
தொலைத்து, வரவழைத்து,
வட்டத்தின் கூரை உள்ளே குழிந்து
சட்டென்று நிமிர
புள்ளி இப்போது கறுப்புக்கு நடுவில்.
இன்னும் ஒரு முறை தொலைத்துப் பார்க்கிறேன்,
நம்பாமல்.

குப்பியில் சிவப்பு ஏறுகிறது.
சிஸ்டர் மூச்சு விடுவது கேட்கிறது,
அதுவரை அவர் மூச்சுவிடவில்லை என்பதும்.
கம்பி. குழாய். தையல்.
மானிட்டரில் ஒரு சிவப்பு அலை
ஏறி, இறங்கும் வழியில் சின்னதாய்த் தடுக்கி,
அடியைத் தொட்டு, மீண்டும் ஏறுகிறது.
அறுபத்திரண்டு, முப்பத்து நான்கு.
மோசமான எண்.
ஆனாலும் எண்.
கோட்டை வைத்து மருந்து கூட்ட முடியாது,
எண்ணை வைத்து முடியும்.
“நார்அட்ரினலின் கூட்டுங்க சிஸ்டர்.”

நாலரைக்குச் சராசரி ஐம்பத்தெட்டு.
அறுபத்தைந்து வேண்டும். காத்திருக்கிறோம்.
பிரசவ வார்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.
சேமிக்கவா என்று மெஷின் கேட்க
தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று அழுத்திவிட்டேன்.
நாளைக்கு யாராவது திறந்து பார்ப்பார்கள்:
அஜிதா, முப்பத்திரண்டு வாரம்,
கருப்பைக்குப் பதில்
ஒரு பால்வெட்டுக்காரரின் மணிக்கட்டு.

வராந்தாவுக்குப் போனேன்.
எண்ணைச் சொன்னேன், அலையைச் சொன்னேன்,
இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.
தங்கபாய் தலையாட்டினாள்.
கம்பிக்கு வெளியே கையை நீட்டி
உள்ளங்கையைப் பார்த்தாள்.
“மழை,” என்றாள்.
“இண்ணைக்கு எப்பிடியும் வெட்டு இல்ல.”