பதினேழு முதுகுகள்

ஒஸ்ட்ராவா நகரத்தில்
தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
இறைச்சிக் கடை, தபால் நிலையம், பழைய இரும்புக் கிடங்கு,
எங்கே முள் பொய் சொன்னாலும்
சிவப்பு முத்திரை குத்துவேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்
ரடோவான் ஹுபாச்சின் ரசிகன்.
இல்லை, மற்ற நாட்களிலும்தான்.

அவன் செத்துப் பதினோரு வருஷம்.
நவம்பர் வந்தால் விட்கோவிட்செ மதுக்கூடத்தில் கூடுவோம்,
பதினேழு பேர்,
அவன் போட்டது போலவே
முதுகில் கிழிந்த பச்சைக் கோட்டு.
என்னுடையதை என் மனைவி இரண்டு முறை தைத்துவிட்டாள்.
இரண்டு முறையும் பிரித்தேன்.

அந்த வருஷம் மேடையில் ஒரு பெண்.
யார்மிலா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலையாம்.
கிதாரில் ஐந்தே தந்திகள்.
யாரும் தொடாத பாட்டை எடுத்தாள்,
கடைசி இரண்டு கச்சேரிகளில்
அவனே பாட முடியாமல் விட்டதை.

'உன் உள்ளங்கையில் உப்பு'
என்று வர வேண்டும்.
'உன் உள்ளங்கையில் சுரங்கம்'
என்று பாடினாள்.
எங்கள் மொழியில்
இரண்டுக்கும் ஒரே ஒரு ஒலிதான் வித்தியாசம்.

முதலில் ஓல்ட்ரிக் எழுந்தான்.
கத்தவில்லை. கோப்பையை வைத்துவிட்டுத்
திரும்பி நின்றான்.
பிறகு போஹுஷ். பிறகு நாற்காலிகளின் சத்தம்.
பதினேழு முதுகுகள்.
எனக்கு எதிரே சுவரில் தீயணைப்பு விதிகள்.
பாட்டு முடியும்வரை படித்தேன்,
மூன்றாவது விதியில் ஓர் எழுத்துப்பிழை.

முடித்தாள். நன்றி சொன்னாள்.
அவள் கழிவறைக்குப் போன நேரத்தில்
யாரோ கிதாரின் வயிற்றில் பீரை ஊற்றினார்கள்.
யார் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பனியில் நின்று பேசினோம்.
'இது கலையில்லை, சலவை' என்றான் ஓல்ட்ரிக்.
சிரித்தோம், நானும்தான்.
'அசல் இருக்கும்போது நகல் எதற்கு?'
என்றான் போஹுஷ், கோட்டை இழுத்துவிட்டபடி.
நாம் போட்டிருப்பது யார் கோட்டு
என்று கேட்க வாய் வந்தது.
குளிருக்கு மூடிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு கசாப்புக் கடை.
ஐந்து கிலோ கல்லைத் தட்டில் வைத்துவிட்டு
முணுமுணுக்கிறேன்: உன் உள்ளங்கையில் சுரங்கம்.
திருத்தினேன்.
மறுநாள் டிராமில், மறுபடியும் சுரங்கம்.
வீட்டில் இசைத்தட்டைப் போட்டேன்.
அவன் உப்பு என்கிறான், தெளிவாக.
எனக்கு அந்த இடத்தில்
தரை இறங்குகிறது.

கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.
முப்பது வருஷம் என்னுடையதாக இருந்த வரி.
நாக்குத் தவறியதா, வேண்டுமென்றேவா
என்று மட்டும் தெரிந்தால்
ஏதாவது ஒரு பக்கம் முத்திரை குத்திவிடலாம்.
பெட்டியில் ஒரு கிராமிலிருந்து இருபது கிலோவரை வைத்திருக்கிறேன்.
கலையை நிறுக்க அதில் கல் இல்லை.

ஏப்ரலில் பட்டியலில் வந்தது மருத்துவமனை.
அன்றும் குளிர், அதே கோட்டு.
சலவைக்கூடத்தில் ஈரத் துணி நிறுக்கும் மேடைத் தராசு,
பக்கத்தில் அவள்.
என்னைத் தெரியவில்லை.
எப்படித் தெரியும்,
என் முகத்தை அவள் பார்த்ததே இல்லையே.

நூறு கிலோவுக்கு இருநூறு கிராம் கூடுதல் காட்டியது.
'காலையில் எல்லாமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும்,
ஈரம்' என்றாள்.
சிவப்பையே குத்தினேன்.
கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது
அவள் உள்ளங்கையைப் பார்த்தேன்.
உப்புமில்லை, சுரங்கமுமில்லை,
சோப்பு.

கேட்டிருக்கலாம்.
பெட்டியைப் பூட்டினேன். திரும்பினேன்.
கதவுக்கு ஆறு அடி இருக்கும்.
பின்னால் ஓர் இயந்திரம்
சுற்றி ஓய்ந்தது.

'ஓ' என்றாள்.
'நீங்களா.'