தோல் பறந்த வீடு

இந்தத் தீவில் கூரைத் தகரத்துக்குத்
தோல் என்று பெயர்.
பிரெஞ்சுச் சொல்தான்.
காரைக்காலிலிருந்து வந்த முதல் மாதம்
"என் தோல் போய்விட்டது" என்று
தொலைபேசியில் ஒருத்தி அழுதபோது
ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுத்தேன்.

பதினோரு வருடம் ஆகிறது.
இப்போது புயலுக்கு மறுநாள்
ஏணி, அளவுநாடா, படிவத்தோடு போகிறேன்.
காப்பீட்டுக் கம்பெனி
என் கண்களுக்குச் சம்பளம் தருகிறது.

சேந்த்-சூசானுக்கு மேலே
கரும்பு படுத்துக் கிடந்த சரிவில்
இவேத் மரிமுத்துவின் வீடு.
நான்கு சுவர், அதற்குமேல் வானம்.
அலமாரியில் தட்டுகள் அடுக்குக் கலையவில்லை.
நாள்காட்டிகூட நேற்றைய தேதியில் நனைந்திருந்தது.
தோல் மட்டும்
இருநூறு மீட்டர் தள்ளி லீச்சி மரத்தில்
மடிந்து தொங்கியது,
சமையலறை பல்போடு.

"விழும் என்றுதான் மேசைக்கடியில் இருந்தோம், மதாம்.
விழவில்லை. எழுந்தது."

எழத்தான் செய்யும்.
சரிவேறி வரும் காற்று
தகரத்தின் முதுகில் வழுக்கி ஓடும்போது
மேலே அழுத்தம் குறையும்,
உள்ளே அடைபட்டது முண்டும்.
ஓரத்தில் அதிகம், மூலையில் அதைவிட.
மூலைக்கு இரட்டைத் திருகாணி என்பது அதனால்தான்.

பள்ளத்தாக்கின் மேல் அப்போது ஒரு பயாங்கே,
வைக்கோல் இழை போல வால் நீண்ட வெள்ளைப் பறவை,
சிறகடிக்காமல் நின்றது.
அதே காற்று. அதே கணக்கு.
ஒரு திருகாணி கிடையாது அதன் உடம்பில்.
இறகு நுனியைச் சற்றே சாய்த்து
வேண்டாததை வழியவிட்டது,
வேண்டியதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
தகரத்துக்குச் சாயத் தெரியாது.
பிடித்துக்கொள்ளத் தெரியும்,
பிறகு மொத்தமாக விட்டுவிட.

வடகிழக்கு மூலையில் ஏணி போட்டேன்.
உத்தரத்தில் எட்டுத் துளை இருந்திருக்க வேண்டும்.
மரம் கிழியவில்லை. எதுவும் வளைந்து கிடக்கவில்லை.
அங்கே யாரும் திருகவே இல்லை.

இவேத்தின் கணவன் ஜோசியான்
ஒரு காபி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான்.
எட்டும் புதிது,
ரப்பர் வளையம்கூடக் கசங்கவில்லை.
"நவம்பரில் திருகப் போனேன்.
மார்ட்டேன் கூடு, நான்கு முட்டை.
தகரத்தை இறுக்கினால் வழி அடைபடும்.
குஞ்சுகள் பறக்கட்டும் என்று விட்டேன்.
பறந்தன.
அப்புறம் மறுபடியும் முட்டை."

மார்ட்டேன் என்றால் மைனா.
வெட்டுக்கிளி தின்னட்டும் என்று
எப்போதோ யாரோ கப்பலேற்றிக் கொண்டுவந்தது.
மஞ்சள் மூக்கும் வாயாடித்தனமும் அப்படியே.
அதற்காக விட்டது ஒரு கை நுழையும் இடைவெளி.
பறவை போன வழியில் காற்றும் போனது,
உள்ளிருந்து ஒரு தோள் கொடுத்தது.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
பராமரிப்புக் குறை என்று போட்டால்
ஒரு காசு வராது.
காற்று என்று போட்டால் பொய்யில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி
லீச்சி மரத்தைப் பார்த்தேன்.
முப்பது வருடம் மழையைச் சுமந்த தகரம்
வாழ்நாளில் ஒரே ஒரு தடவை,
அதுவும் இருட்டில்,
யாரும் பார்க்காமல்.

இவேத் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.
நாய், ஆடு, கோழி என்று
செத்ததற்கும் கட்டங்கள் உண்டு.
"மார்ட்டேனுக்கு எது?" என்றாள்.

டப்பாவை வாங்கி என் பைக்குள் போட்டேன்.
சாட்சிக்கா, மறைக்கவா என்று
இருவரும் கேட்கவில்லை.
நடக்கும்போது உள்ளே எட்டும் குலுங்கின.

திரும்பிப் பார்த்தபோது சுவர்மேல் ஒரு மைனா.
மூலை இருந்த இடத்தில் தலையைத் தாழ்த்தி
நுழைய வழி தேடியது.
எல்லாப் பக்கமும் திறந்தே கிடந்தது.