பதினைந்து மில்லி

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு, டயர் கடைக்கு மேல்மாடி.
ஜன்னலைச் சாத்தக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு,
அதனால் லாரிகளின் ஹாரனும் எங்கள் சிகிச்சையில் சேர்த்தி.

திம்மராயன் நாற்காலியில் சாய்வதற்குள் பேச ஆரம்பித்தார்.
கல் ஃபாக்டரியில் சூப்பர்வைசரோடு தகராறு,
மாங்காய் கிலோ எட்டு ரூபாய்க்குப் போனது,
மகள் பர்கூரில் காலேஜ் சேர்ந்தது,
இடையில் எங்கோ கடைவாய்ப் பல்.

காகிதக் கப்பில் பதினைந்து மில்லி ஊற்றி நீட்டினேன்.
"விழுங்கிடாதீங்க. ஒரு நிமிஷம் கொப்பளிக்கணும்."
"இது வலிக்கா?"
"இல்லீங்க. எனக்கு.
அப்புறம், வெளியே பெஞ்சில்
பிள்ளையை மடியில் வச்சிருக்காங்களே, அவங்களுக்கு."

கப்பை முகர்ந்து பார்த்தார்.
"மிஷின் சுத்துறப்ப தண்ணி பீச்சும்.
வாயில இருக்கிறதெல்லாம் அதோட கிளம்பி
காத்துலயே நிக்கும். ரொம்ப நேரம்."

"அட, நம்ம பிளேடு!" என்றார்.
கிரானைட் அறுக்கையில் தண்ணீர் நின்றுபோனால்
எதிரில் நிற்பவன் முகம் தெரியாதாம்.
தண்ணீர் ஓடினாலும் சாயந்திரம்
மூக்கைச் சிந்தினால் சாம்பல்தானாம்.
மடக்கென்று ஊற்றிக்கொண்டார்.

அவ்வளவு பேசியவர்
அறுபது நொடி பேசாமல் இருந்தார்.
கண் மட்டும் கடிகாரத்தின் சிவப்பு முள்ளோடு சுற்றியது.
இடக்கன்னம் புடைத்தது, வலக்கன்னம் புடைத்தது,
நாற்பதில் கண்ணில் நீர் கோத்தது.
இன்னும் எவ்வளவு என்று புருவத்தால் கேட்டார்.
இரண்டு கைகளையும் விரித்தேன்.
மறுபடி விரித்தேன்.

துப்பியபின்னும் பல் பழுப்பாகவே இருந்தது.
போர்த் தண்ணீர் சின்ன வயதிலேயே தீட்டிவிட்ட நிறம்,
எந்தக் கொப்பளிப்பும் அதைத் தொடாது.
எனக்கும் அதே நிறம்தான்.
மாஸ்க்குக்குள் இருப்பதால் அவருக்குத் தெரியாது.

வேலை முடிந்து முகக்கவசத்தைக் கழற்றி
வெளிச்சத்தில் பிடித்தேன்.
துளிகள் ஒன்றும் குறையவில்லை,
நேற்றைப் போலவே விளிம்புவரை புள்ளிகள்.
அவற்றில் ஏறி வந்தவைதான் இன்று குறைவு
என்கிறார் டாக்டர்.
கண்ணுக்குத் தெரியாத கணக்கு.
நம்பித்தான் துடைக்கிறேன்.

பாதிப் படி இறங்கியவர் நின்று,
மரத்த உதடு குழற, மேலே பார்த்துக் கத்தினார்:
"அதுல ஒரு பாட்டில்... எங்க பிளேடு பசங்களுக்குக் கிடைக்குமாம்மா?"

கல் கொப்பளிக்காதேண்ணா என்று
நான் சொன்னது ஹாரனில் போயிற்று.
பதிலுக்கு ஏனோ கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டேன்.
புதுக் கப்.