செம்புச் சத்தம்

தூள் ஒட்டின கையால் பிள்ளையைத் தூக்கக் கூடாது.
அதனால் அழுகை கேட்டதும்
சொளகை மடியிலிருந்து இறக்குவேன்.
வாளிக்குள் செம்பு முங்கும்.
சோப்பு நகக்கண் வரைக்கும் போய் வரும்.
பிறகுதான் பால்.

நாலாம் மாதம், ஒரு மத்தியானம்,
செம்பு முங்கின சத்தத்திலேயே
உலகம்மை அழுகையை நிறுத்தினாள்.
நான் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறேன்.
தொட்டில் சேலைக்குள்
வாய் மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டு கிடக்கிறது.

முக்கூடலில் எத்தனை வீட்டில் தண்ணீர் விழுகிறது!
அடுத்த வீட்டு முப்பிடாதி மதினி
மீன் கழுவினாலும் இவள் வாயைத் திறந்தாள்.
ஒரு வாரம் ஏமாந்தாள்.
அப்புறம் மதினி தண்ணீர் வேறு,
அம்மா தண்ணீர் வேறு.

அங்கன்வாடி டீச்சர் அட்டையோடு வந்தாள்.
சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா?
திரும்புது, டீச்சர். ஒரு டிக்.
எந்தச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டாம் என்று
தெரிந்துகொண்டதற்கு
அதில் கட்டம் இல்லை.

இனிமேல் சொல்லத்தான் கூச்சம்.
கடை அடைக்க அரை மணி, நாலு கட்டு பாக்கி.
இவள் அழுகிறாள்.
இருந்த இடத்திலேயே
இலை நனைக்கிற சட்டியில் செம்பை முக்கி
உயரத் தூக்கி ஊற்றினேன்.
சும்மா.
அடங்கினாள்.
ரெண்டு கட்டு முடிந்தது.

மறுநாளும் ஊற்றினேன்.
கொஞ்சம் யோசித்து, பைய அடங்கினாள்.

மூன்றாம் நாள்
தண்ணீர் விழ விழ அழுதாள்,
வாய்க்கால் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி.

கட்டுக்கு ரெண்டு பீடியைக் கழிவென்று ஒதுக்கி
அதையும் கணக்கப்பிள்ளை காசாக்குகிறான் என்று
எனக்கு உறைக்கப் பதினோரு வருஷம்.
உறைத்த பிறகும் பாஸ்புக்கை நீட்டி
போட்ட கணக்கை வாங்கி வந்தவள் நான்.
இவளுக்கு மூன்றே நாள்.
சவத்துப் பிள்ளைக்குப் பல்கூட முளைக்கவில்லை.

இப்போது கழுவின கையை
முதலில் அவள் மூக்குக்கு நேரே நீட்டுகிறேன்.
ஏட்டி, நெசந்தான், பாரு.
விரல் விரலாகப் பிடித்துப் புரட்டுகிறாள்,
கடையில் கட்டைப் புரட்டுவது போலவே.
சரியென்று பட்டால் குடிக்கிறாள்.

நேற்று சுண்டுவிரல் நகத்தில்
துளி தூள் இருந்திருக்கிறது.
முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.
கழிவு.

எழுந்து போய் மறுபடி செம்பை முக்கினேன்.
வரும்வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு
கிடந்தாள்,
அழாமல்.